ஹெக்சேனுக்கு மாற்றாக அயனித் திரவம்: செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: ஆலைவாசி, ஊத்தான் மெலிந்தாங்

அனைவருக்கும் வணக்கம். ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். பிழிந்த நாரிலும் கொட்டையிலும் கழிவுச் சேற்றிலும் எவ்வளவு எண்ணெய் வீணாகப் போகிறது என்று கணக்குக் கொடுப்பதுதான் என் முதன்மையான வேலை. நாரை உலர்த்தி, எடை பார்த்து, காகிதக் குழலில் அடைத்து, சாக்ஸ்லெட் கருவியில் வைத்து, கீழே குடுவையில் ஹெக்சேனைக் கொதிக்க விடுவோம். அது ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, நாரின் மேல் சொட்டி, எண்ணெயைக் கழுவிக்கொண்டு மறுபடியும் குடுவைக்குள் இறங்கும். சில மணி நேரம் கழித்து ஹெக்சேனை ஓட்டிவிட்டு, குடுவையில் மிஞ்சிய எண்ணெயை நிறுத்தால் கணக்கு முடிந்தது.

முறையில் எனக்குக் குறையில்லை, ஹெக்சேனோடுதான் ஒத்துப்போகவில்லை. மழைக்கு ஜன்னலைச் சாத்தினால் அறை முழுவதும் வாடை நிற்கிறது. 69 பாகை செல்சியஸில் கொதிக்கும் பொருள், தீ எளிதில் பற்றும், நெடுநாள் மூச்சில் ஏறினால் கை கால் நரம்புகளைக் கெடுக்கும் என்று பாதுகாப்புத் தாளிலேயே போட்டிருக்கிறது. இந்நிலையில், அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்புகள் உண்டு, அவற்றுக்கு அயனித் திரவங்கள் என்று பெயர், அவை ஆவியாவதே இல்லை, தீயும் பற்றாது, எதையும் கரைக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். விவரம் கேட்டு வரச் சொன்னார்.

எனக்குப் புரியாதவை மூன்று. சமையல் உப்பு உருக 801 பாகை வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியிருக்க ஓர் உப்பு எப்படிச் சாதாரண வெப்பத்தில் தண்ணீர் போல் கிடக்கும்? இரண்டாவதாக, முழுவதும் அயனிகளால் ஆன ஒன்று தண்ணீரைவிட முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்னூட்டம் நேர், எதிர் என்று பிரிந்து நிற்கும் தன்மை) மிக்கதாக இருக்க வேண்டுமே, அது எண்ணெயைக் கரைக்குமா? மூன்றாவதாக, எங்கள் சோதனையில் ஹெக்சேனை எடுத்துவிட்டு இதைப் பயன்படுத்த முடியுமா? வேதியியலில் எனக்கு எஸ்.டி.பி.எம். (படிவம் ஆறு இறுதித் தேர்வு) அளவு அறிவுதான், அதற்கேற்ப, ஆனால் மேலோட்டமாக இல்லாமல் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: ஆய்வுமாணவி, செரி இஸ்கண்டார்

ஆலைவாசி அண்ணனுக்கு வணக்கம். செரி இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். என் ஆய்வும் இத்திரவங்களைப் பற்றியதுதான்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. கட்டுரை எதைச் சிறப்பு என்று எழுதியதோ அதுவே இங்கே தடையாகிறது. கரைப்பான் ஆவியாகி, குளிர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் சுத்தமாக நாரின் மேல் இறங்குவதால்தான் சாக்ஸ்லெட் வேலை செய்கிறது. இறுதியில் கரைப்பான் முழுவதும் ஓடிப்போவதால்தான் மிஞ்சிய எடையை எண்ணெயின் எடை என்று எழுத முடிகிறது. ஆவியாகாத ஒன்றை அக்குடுவையில் ஊற்றினால் அது அடியில் சூடாகிக்கொண்டே கிடக்கும், மேலே எதுவும் ஏறாது. நாரை நேரடியாக அதில் ஊறவைத்தாலும், பிறகு எண்ணெயை அதிலிருந்து பிரிக்க வேறொரு கரைப்பான் வேண்டும். அந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஹெக்சேன்தான் திரும்ப வரும்.

இனி முதல் கேள்வி. சோடியம் குளோரைடில் இரண்டு அயனிகளும் சிறியவை, உருண்டையானவை, மின்னூட்டம் ஓரிடத்தில் செறிந்தவை. அவை நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன; அந்த அடுக்கைக் குலைக்க 801 பாகை வெப்பம் தேவைப்படுகிறது. அயனித் திரவத்தின் நேர்மின் அயனி பெரும்பாலும் பருத்த கரிம அயனி. மிகுதியாகப் பேசப்படும் இமிடசோலியத்தை எடுத்துக்கொண்டால், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உள்ள ஓர் ஐங்கோண வளையம், அதன் ஒரு பக்கம் குட்டையான மெத்தில் தொகுதி, மறுபக்கம் பியூட்டில் போன்ற ஒரு வால். மின்னூட்டம் வளையம் முழுவதும் பரவிக் கிடக்கிறது, வடிவமோ கோணல். செங்கல்லை லாரியில் அடுக்குவதற்கும் செம்பனைக் குலையை ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். சீராக அடுக்க வராத அயனிகள் படிகமாவதில் ஆதாயம் குறைவு, ஆகவே உருகுநிலை விழுந்துவிடுகிறது. 100 பாகைக்குக் கீழ் உருகும் உப்புகளையெல்லாம் இப்பெயரில் சேர்ப்பது வழக்கம். அந்த எண்ணுக்குத் தண்ணீரின் கொதிநிலை என்பதைத் தவிர வேறு இயற்பியல் காரணம் இல்லை. இவ்வகையிலும் எல்லாம் திரவமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பியூட்டில் மெத்தில் இமிடசோலியம் குளோரைடு நம் ஆய்வகத்து அலமாரியில் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். குளோரைடை எடுத்துவிட்டு பிஸ்ட்ரைபிளிமைடு என்ற பெரிய எதிர்மின் அயனியை இணைத்தால், அதே நேர்மின் அயனியோடு நிறமற்ற திரவம் கிடைக்கும்.

இரண்டாவது கேள்விதான் இதில் சுவையானது. முனைவுத்தன்மையை அளக்கும் கோல்கள் பல, அவை இங்கே ஒரே விடையைத் தருவதில்லை. மின்னூட்டங்களுக்கிடையிலான ஈர்ப்பைக் கரைப்பான் எவ்வளவு தணிக்கிறது என்று காட்டும் மின்கடவா மாறிலியை எடுத்தால் தண்ணீருக்கு 78, எத்தனாலுக்கு 24. வழக்கமான அயனித் திரவங்களுக்கோ 10 முதல் 15 வரைதான். கரைப்பானுக்கேற்ப நிறம் மாறும் ரைஹார்ட் சாயத்தை இட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது. தண்ணீருக்கு 1 என்று வைத்த அளவுகோலில் ஹெக்சேன் ஏறக்குறைய சுழியில் நிற்க, எத்தனால் 0.65 காட்ட, இமிடசோலியம் திரவங்கள் பலவும் 0.6 முதல் 0.7 வரையில் எத்தனாலின் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன. ஆக, முழுவதும் அயனி என்பதால் தண்ணீரை மிஞ்சும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துவிடுகிறது. சமையல் உப்பே பல அயனித் திரவங்களில் மிகச் சொற்பமாகத்தான் கரையும்.

எதைக் கரைக்கும் என்பதை அறிய முனைவுத்தன்மை என்ற ஒற்றைச் சொல் போதாது. எதிர்மின் அயனி ஹைட்ரஜன் பிணைப்பை எவ்வளவு ஆசையோடு ஏற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கேம்லெட், டாஃப்ட் என்ற வேதியியலாளர்கள் வகுத்த பீட்டா என்ற அளவு அதற்காகவே உள்ளது. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உள்ள திரவத்தில் அது 0.2 அளவில் இருக்கும். குளோரைடு உள்ளதில் 0.8ஐத் தாண்டும், அசிட்டேட் உள்ளதில் இன்னும் மேலே போகும். நேர்மின் அயனி மாறாமலிருக்க, முதலாவது தண்ணீரோடு கலக்காமல் அடியில் தனி அடுக்காக நிற்கும், பின்னவை இரண்டும் எந்த விகிதத்திலும் தண்ணீரோடு கலக்கும். அயனித் திரவம் எதையும் கரைக்கும் என்று எழுதுபவர் எந்த அயனித் திரவம் என்று சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

எண்ணெய்க்கு வருவோம். பியூட்டில் வால் கொண்ட வழக்கமான இமிடசோலியம் திரவங்களில் ஹெக்சேனும் செம்பனை எண்ணெயும் மிகக் குறைவாகவே கரைந்து மேலே மிதக்கும். பென்சீன் அப்படியல்ல, அதன் வளையத்துக்கு மேலும் கீழுமுள்ள எலக்ட்ரான் திரள் நேர்மின் அயனியை ஈர்ப்பதால் தாராளமாகக் கரைகிறது. நறுமண வளையச் சேர்மங்களை நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களிலிருந்து பிரிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது இந்த வேறுபாட்டிலிருந்துதான். வால் நீள நீள நிலைமை மாறும். மின்னூட்டமுள்ள பகுதிகள் ஒன்றுசேர்ந்து ஒரு வலைப்பின்னலாகவும், வால்கள் ஒன்றுசேர்ந்து எண்ணெய்ப் பசையுள்ள திட்டுகளாகவும், ஒரே திரவத்துக்குள் நானோமீட்டர் அளவில் பிரிந்து கிடக்கின்றன. கனோங்கியா லோப்பஸ், பாதுவா ஆகிய இருவர் 2006இல் கணினி உருவகிப்பில் இதைத் தெளிவாகக் காட்டினர். நான்கு நீண்ட வால்களைக் கொண்ட பாஸ்போனியம் உப்புகள் ஹெக்சேனோடேகூடக் கலக்கும். அவை எண்ணெயையும் ஏற்கும். ஆனால் அதன் பிறகு எண்ணெயை எப்படி வெளியே எடுப்பது என்ற இடத்தில் மறுபடியும் மாட்டிக்கொள்வோம்.

பயன்படுத்திப் பார்த்தவர்கள் முதலில் குறைசொல்வது பாகுத்தன்மையைப் பற்றித்தான். 25 பாகையில் தண்ணீர் 0.89 மில்லிபாஸ்கல் செகண்ட். பியூட்டில் மெத்தில் இமிடசோலியம் பிஸ்ட்ரைபிளிமைடு ஏறக்குறைய 50. அதே நேர்மின் அயனியின் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் 270 அளவில். பிப்பெட்டில் இழுத்தால் மெதுவாக ஏறும், விட்டால் சுவரில் ஒட்டிக்கொண்டு முழுவதும் இறங்காது. ஆகவே கன அளவை நம்பாமல் எடை போட்டுத்தான் எடுப்போம். நாரின் நுண்துளைக்குள் புகுந்து எண்ணெயைக் கழுவ வேண்டிய வேலைக்கு இது உகந்த குணமல்ல. போதாக்குறைக்கு நம் நாட்டுக் காற்றின் ஈரம். தண்ணீரோடு கலக்காத வகையே நூற்றில் ஒன்றுக்கும் மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அசிட்டேட் வகையைத் திறந்து வைத்தால் சொல்லவே வேண்டாம். சிறிதளவு நீர் சேர்ந்தாலும் பாகுத்தன்மை சட்டென்று இறங்கும், தயாரிப்பில் எஞ்சிய குளோரைடு அதை ஏற்றிவிடும். ஒரே பெயருள்ள திரவத்துக்கு வெவ்வேறு நூல்கள் வெவ்வேறு எண்களைக் கொடுத்திருப்பதைக் கண்டால், இவ்விரண்டில் ஒன்றை முதலில் சந்தேகியுங்கள்.

பதில்: பழைய வாத்தியார், தெலுக் இந்தான்

தம்பிக்கும் விளக்கமாக எழுதிய மகளுக்கும் வணக்கம். படிவம் ஆறு மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில சொற்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு என்ற தோற்றத்தைப் பல கட்டுரைகள் உண்டாக்குகின்றன. பால் வால்டன் 1914இலேயே எத்தில் அமோனியம் நைட்ரேட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அது 12 பாகையில் உருகும் உப்பு. 1934இல் சார்லஸ் கிரேனாக்கர் என்பவர் பிரிடினியம் குளோரைடு உப்புகளில் செல்லுலோஸைக் கரைத்துக் காப்புரிமையே வாங்கினார். அதை அன்று பொருட்படுத்துவாரில்லை. பின்னர் அலுமினியம் குளோரைடு கலந்த உப்புகள் மின்முலாமுக்கும் மின்கலத்துக்கும் ஆராயப்பட்டன. அவை ஈரக் காற்று பட்டாலே சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும். காற்றையும் நீரையும் தாங்கும் இமிடசோலியம் திரவங்களை வில்க்ஸும் சவொரொட்கோவும் 1992இல் வெளியிட்ட பிறகுதான் எல்லா ஆய்வகங்களும் இந்தப் பக்கம் திரும்பின.

ஆவியாகாது, ஆகையால் தூய்மையானது என்ற பேச்சை நான் அரைமனத்தோடுதான் கேட்கிறேன். காற்றில் போகாது என்பது உண்மையே, ஆயினும் கழிவுநீரில் போகலாம். வால் நீளமான இமிடசோலியம் உப்புகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாவது நன்கு அறியப்பட்ட செய்தி. சோப்பு போன்ற அமைப்புள்ள மூலக்கூறு உயிரணுவின் சவ்வுக்குள் நுழைந்துவிடுகிறது. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் வகையை ஈரத்தோடு சூடாக்கினால் அது சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரும் என்பதை 2003இல் எச்சரித்து எழுதினார்கள். கண்ணாடியையே தின்னும் அமிலம் அது.  ஆவியாவதே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. பிஸ்ட்ரைபிளிமைடு வகைகள் சிலவற்றை வெற்றிடத்தில் 300 பாகை அளவுக்குச் சூடாக்கி வாலைவடிக்க முடியும் என்று 2006இல் காட்டிவிட்டார்கள். ஆனால் அதை நம்பி ஓர் ஆலையை நடத்த முடியாது.

ஆலைவாசி

மிக்க நன்றி. ஆய்வுமாணவி தங்கை சொன்ன ஆவியாதல் செய்தியை மேற்பார்வையாளரிடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அவ்வளவு வெளிப்படையான காரணம்.

இரண்டு துணைக் கேள்விகள் எழுகின்றன. எங்கள் ஆலைக்கு வெளியே வெற்றுக்குலை, அதாவது பழம் உதிர்த்த பின் மிஞ்சும் குலை, மலையாகக் குவிகிறது. ஐயா செல்லுலோஸைக் கரைத்த கதையைச் சொன்னாரே, வெற்றுக்குலையையும் கரைத்துச் சர்க்கரையாகவோ நூலாகவோ மாற்ற முடியுமா? இன்னொன்று, யூரியாவையும் கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடையும் கலந்தால் மலிவான அயனித் திரவம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். தோட்டத்து உரக்கிடங்கில் யூரியா இருக்கிறது. இது உண்மையா, வேடிக்கையா?

பதில்: ஆய்வுமாணவி, செரி இஸ்கண்டார்

அண்ணா, வெற்றுக்குலையைக் கரைக்கலாம். ஆய்வகத்தில் கரைக்கவும் செய்கிறோம். 2002இல் அலபாமாவில் ராஜர்ஸ் குழுவினர் பியூட்டில் மெத்தில் இமிடசோலியம் குளோரைடில் எடையளவில் 10 விழுக்காடு செல்லுலோஸைச் சூடாக்கிக் கரைத்தார்கள். மைக்ரோவேவில் இன்னும் கூடுதலாகக் கரைந்தது. செல்லுலோஸ் சங்கிலிகள் தம் ஹைட்ராக்சில் தொகுதிகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால்தான் தண்ணீரிலோ எத்தனாலிலோ கரைவதில்லை. குளோரைடோ அசிட்டேட்டோ அந்த ஹைட்ராக்சில்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்போது சங்கிலிகள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. செல்லுலோஸைக் கரைக்க, நான் மேலே சொன்ன பீட்டா உயர்வாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பார்க்க வேண்டிய காட்சி அதற்குப் பிறகு வருவது. எத்தில் மெத்தில் இமிடசோலியம் அசிட்டேட்டில் கரைந்த நார், தேன்நிறக் குழம்பாக இருக்கும். அதில் தண்ணீரை ஊற்றியவுடன் எதிர்மின் அயனி தண்ணீரைப் பற்றிக்கொண்டு செல்லுலோஸைக் கைவிட, வெண்மையான கொழகொழப்பான திரள் கண்ணெதிரே பிரிந்து விழும். அப்படி விழுந்த செல்லுலோஸ் முன்பிருந்த படிக ஒழுங்கை இழந்திருப்பதால் நொதிகள் அதை விரைவாகச் சர்க்கரையாக்குகின்றன. நாரில் செல்லுலோஸை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளில் ஒரு பகுதி திரவத்திலேயே தங்கிவிடும்.

சிக்கல்கள் நீங்கள் அன்றாடம் காண்பவையே. ஆலையிலிருந்து வரும் வெற்றுக்குலையில் பாதிக்கு மேல் தண்ணீர். செல்லுலோஸைக் கரைக்கும் திரவத்துக்குத் தண்ணீரே எதிரி என்பதால், முதலில் உலர்த்த எரிபொருள் செலவு. பிறகு செல்லுலோஸை விழச் செய்ய ஊற்றிய தண்ணீரை எல்லாம் கொதிக்கவைத்து விரட்டித் திரவத்தை மீட்க மறுபடியும் எரிபொருள் செலவு. ஹெக்சேனைவிடப் பன்மடங்கு விலையுள்ள திரவத்தை ஒரு துளியும் விடாமல் மீட்டாக வேண்டும். வெற்றுக்குலையில் பொட்டாசியம் மிகுதி, அதனால்தான் தோட்டத்தில் மரத்தடியில் பரப்புகிறார்கள்; அதுவும் ஒட்டிய எண்ணெயும் கரைந்த லிக்னினும் ஒவ்வொரு சுற்றிலும் திரவத்துக்குள் சேர்ந்துகொண்டே போகும். ஆவியாகாத கரைப்பானை வடித்துத் தூய்மைப்படுத்தும் எளிய வழி கிடையாது. ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் கரைந்த விழுக்காட்டைச் சொல்லி நின்றுவிடுகின்றன. எத்தனையாவது சுற்றில் திரவம் பயனற்றுப் போனது என்பதைத் தேடிப் படியுங்கள்.

யூரியா செய்தி வேடிக்கையல்ல. கோலின் குளோரைடு தனியாக 302 பாகையிலும் யூரியா 133 பாகையிலும் உருகும். ஒன்றுக்கு இரண்டு என்ற மோல் விகிதத்தில், அதாவது எடையில் ஏறக்குறைய 7க்கு 6 என்று கலந்து, 80 பாகையில் கிளறினால் தெளிந்த திரவம் கிடைக்கும். அதன் உறைநிலை 12 பாகை. இங்கிலாந்தில் அபோட் குழுவினர் 2003இல் வெளியிட்டது இது. ஆனால் இதில் யூரியா அயனியாக இல்லை, நடுநிலை மூலக்கூறாகக் குளோரைடோடு ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கிறது; ஆகவே ஆழ் யூடெக்டிக் கரைப்பான் என்று தனியாக வகைப்படுத்துவது முறை. உலோக ஆக்சைடுகள் சிலவற்றை நன்றாகக் கரைக்கும், செல்லுலோஸை ஏறக்குறைய தொடாது, எண்ணெயோடு கலக்காது. அந்தக் கலக்காமையையே பயனாக்கி, செம்பனை பயோடீசலில் தங்கிய கிளிசரினை, கோலின் குளோரைடும் கிளிசரினும் சேர்ந்த கலவையால் கழுவி எடுக்கும் முறையை மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்டார்கள். நம் நாட்டுக்கு மெய்யாகவே பொருந்தும் சிந்தனை என்று அதைத்தான் சொல்வேன். உரக்கிடங்கு யூரியாவையும் தீவனக் கடைப் பொடியையும் கொண்டு முயன்றுவிடாதீர்கள். தீவனத்துக்கான கோலின் குளோரைடு பெரும்பாலும் மணி நீக்கிய சோளக்கதிரின் சக்கைத் தூளில் ஏற்றப்பட்டு வருவதால் கரைசலுக்குப் பதில் கூழ்தான் கிடைக்கும்.

பதில்: குழாய்க்காரன், கெர்த்தே

வணக்கம். ஆலைவாசி சகோதரர் மனம் தளர வேண்டாம் என்பதற்காக எரிவாயுத் துறையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். இத்திரவங்கள் தொழிலில் நிலைத்த இடங்களும் உண்டு.

இயற்கை எரிவாயுவில் நுண்ணளவு பாதரசம் வரும். அது அலுமினிய வெப்பமாற்றிகளைத் தின்றுவிடும். 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் ஒரு வெப்பமாற்றி உடைந்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. பெட்ரோனாஸும் பெல்ஃபாஸ்ட்டின் குயின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தாமிரம் கலந்த குளோரைடு எதிர்மின் அயனியுள்ள அயனித் திரவத்தை நுண்துளைத் திண்மத்துக்குள் ஊறவைத்து, அதன் வழியாக எரிவாயுவைச் செலுத்தும் முறையை உருவாக்கின. 2011 முதல் மலேசிய எரிவாயு ஆலையில் அது வேலை செய்கிறது. உலோகப் பாதரசம் அங்கே ஆக்சிஜனேற்றமடைந்து அயனியாகித் திரவத்திலேயே சிக்கிக்கொள்கிறது. ஆவியாகாத குணம் இங்கே எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். எத்தனை எரிவாயு மேலே ஓடினாலும் திரவம் அதோடு கலந்து போவதில்லை. அதைப் பிரித்தெடுக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை.

ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 2002இல் தொடங்கிய முறையும் ஏறக்குறைய இதே தர்க்கத்தில் அமைந்தது. பாஸ்பீன் சேர்மம் ஒன்றைத் தயாரிக்கையில் வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்க முன்பு டிரைஎத்தில் அமீனை இட்டபோது கிடைத்த உப்பு திண்மமாகிக் கலவையைச் சேறாக்கியது. அதற்குப் பதிலாக மெத்தில் இமிடசோலை இட்டார்கள். அது தரும் உப்பு 75 பாகையில் உருகுவதால் வினை நடக்கும் வெப்பத்தில் திரவமாகக் கீழே தனி அடுக்காகப் படிய, வேண்டிய பொருள் மேலே நின்றது. வடிகட்ட வேண்டியதே இல்லை. வினைகலனின் ஒரு கன அளவுக்கான உற்பத்தி 80,000 மடங்கு உயர்ந்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் செவ்ரான் 2021இல் தன் சால்ட் லேக் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில், ஹைட்ரஜன் ஃபுளோரைடு அமிலத்தை நீக்கிவிட்டு, ஐயா குறிப்பிட்ட பழைய அலுமினியம் குளோரைடு வகைத் திரவத்தை வினையூக்கியாக வைத்தது. மூன்றிலும் திரவம் தானிருக்கும் இடத்திலேயே தனி அடுக்காகவோ தனித் திண்மத்திலோ இருக்கிறது, பொருள் அதைக் கடந்து போகிறது. இவற்றைக் கரைப்பான் என்று வாங்கி ஹெக்சேனின் வேலையைக் கேட்டால்தான் ஏமாற்றம்.

ஆலைவாசி

எல்லோருக்கும் நன்றி. அயனித் திரவத்தை எங்கள் சோதனைக்குக் கேட்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அப்படியானால் வாடைக்கு என்ன செய்வது?

பதில்: ஆய்வுமாணவி, செரி இஸ்கண்டார்

அண்ணா, சோதனை முடிந்ததும் ஹெக்சேனை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குடுவையைத் திறந்து சூட்டுத்தட்டில் வைத்து ஓட்டுவதாக இருந்தால் வாடையில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வரும். சுழல் ஆவியாக்கியில் வைத்து மீட்டெடுத்தால் வாடையும் போகும், ஹெக்சேனும் மறுபடி பயன்படும். அடுத்தது குளிர்விப்பானின் நீர். கூரைத்தொட்டித் தண்ணீர் பிற்பகலில் வெதுவெதுப்பாகிவிடும், அப்போது ஆவி முழுவதும் குளிராமல் மேல்வாய் வழியாகத் தப்பிக்கும். குளிரூட்டிய நீரைச் சுற்றவிடும் சிறு இயந்திரம் ஒன்று இதை அடக்கிவிடும். பல ஆலைகள் அண்மை அகச்சிவப்பு ஒளிக்கருவியால் நாரின் எண்ணெய் அளவைச் சில நிமிடங்களில் படித்துவிடுகின்றன. அக்கருவியைச் சரிபார்க்க சாக்ஸ்லெட் எண்கள் வேண்டும் என்பதால் ஹெக்சேன் முற்றாக ஒழியாது, ஆனால் ஷிப்டுதோறும் கொதிக்கவைக்க வேண்டியிருக்காது. மேற்பார்வையாளரிடம் முதலில் குளிர்விப்பானுக்குள் போகும் நீரின் வெப்பத்தைக் காலையிலும் பிற்பகலிலும் அளந்து காட்டுங்கள். செலவில்லாமல் தொடங்கக்கூடியது அதுதான்.